ஈர்ப்பு அலைகளும் எங்கள் பேசின் பிரிட்ஜும்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோதே, "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே முப்பதுக்கு மேல் குவிந்து கிடக்கிறது" என்று கும்பிட்டார்கள். ஆகவே என் கவிதையிலிருந்து தப்பித்தீர்கள். அதற்குப் பதிலாக நான் எடுத்துக்கொண்ட பொருள், பேரண்டம் பிறந்த முதல் விநாடி. அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. வேறு எதைக் கொண்டு அறிய முயல்கிறார்கள், நம் நாட்டில் யார் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதை நம் பாடத்தில் வரும் கணக்குகளை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். ஆரம்பம் மட்டும் எங்கள் தெருவிலிருந்து.

போகியன்று விடியற்காலையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்திருக்கிறீர்களா? பழைய பாய், துணி, டயர் எல்லாம் எரிந்து, அந்தப் புகை மார்கழிப் பனியோடு கலந்து அப்படியே நிற்கும். எதிர் வீட்டுக் கதவு தெரியாது. தண்டவாளம் தெரியாது. சிக்னல் விளக்கு வெறும் மஞ்சள் கறையாகத் தெரியும். ஆனால் ரயில் வருவது மட்டும் தப்பாமல் தெரிந்துவிடும். சத்தத்துக்கும் முன்னால் தரை சொல்லிவிடும். அடுப்படியில் அம்மா பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். வெளிச்சத்தைத் தடுத்த புகையால் தரையின் நடுக்கத்தைத் தடுக்க முடியவில்லை பாருங்கள்.

எங்க நைனா யார்டில் கலாசி. வண்டி யார்டுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று சக்கரங்களைக் கவனிப்பார்கள். பார்ப்பதோடு காது கொடுத்தும் கேட்பார்கள். பிரேக்கில் உரசி உரசிச் சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகிவிட்டால், சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று அடிக்கும். "கண்ணு ஏமாந்துடும், காது ஏமாறாது" என்பது நைனாவின் சித்தாந்தம். அது முழுக்க உண்மையில்லை என்று பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு அந்த 'டக்'கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வானத்தில் அது மறுபடி வரும்.

ஒளி எங்கே நின்றுபோகிறது?

வானத்தைப் பார்ப்பது என்றாலே பழையதைப் பார்ப்பதுதான். சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தூரம் கூடக்கூட, பார்ப்பது அவ்வளவு பழையது. அப்படியானால் போதுமான அளவு பெரிய தொலைநோக்கி ஒன்றைக் கட்டிவிட்டால் 1380 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெருவெடிப்பையே பார்த்துவிடலாமே? முடியாது! காரணம், போகிப் புகை.

ஆரம்பத்தில் பேரண்டம் தாங்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் அணு என்று ஒன்று நிலைக்க முடியாது. எலெக்ட்ரான்கள் தனியாகத் திரிந்தன. தனி எலெக்ட்ரான் ஒளியைச் சிதறடிக்கும். ஓர் ஒளித்துகள் கிளம்பினால் கொஞ்ச தூரத்திலேயே மோதி வேறு திசையில் போகும், மறுபடி மோதும். பேரண்டம் விரிந்து ஆறி, சுமார் 3000 கெல்வினுக்கு இறங்கிய பிறகுதான் எலெக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின. புகை விலகியது. அப்போது பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள். அன்று புறப்பட்ட ஒளி இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. வழியில் 1100 மடங்கு இழுபட்டு, ஆறிப்போய், 2.7 கெல்வினில் வெறும் மைக்ரோ அலையாக வருகிறது. 1964-ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ஆன்டெனாவில் போகவே போகாத இரைச்சல் ஒன்றைக் கண்டார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சம்தான் காரணமோ என்று அதைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. 1978-ல் அந்த இரைச்சலுக்கு நோபல் பரிசு!

ஆக, ஒளியை நம்பினால் 3,80,000 ஆண்டு என்ற சுவரோடு நின்றுவிட வேண்டும். அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து எதுவும் தடுக்காமல் வரக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் ஈர்ப்பு அலை.

பெரிய நிறைகள் வேகமாக அசைந்தால் வெளியே நெளியும், அந்த நெளிவு ஒளியின் வேகத்தில் பரவும் என்று 1916-ல் ஐன்ஸ்டீன் எழுதினார். இது ஒலி அலை இல்லை, வெற்றிடத்திலும் போகும். நான் 'கேட்பது' என்று எழுதுவதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். இந்த அலை நம்மைக் கடக்கும்போது ஒரு திசையில் தூரத்தை இழுக்கும், அதற்குச் செங்குத்தான திசையில் சுருக்கும். அடுத்த அரைச் சுற்றில் மாற்றிச் செய்யும். எந்தப் பொருளோடும் அது ஒட்டி உறவாடுவதே இல்லை. எலெக்ட்ரான் கூட்டமானாலும் சரி, நட்சத்திரமானாலும் சரி, ஊடுருவிப் போய்விடும். முதல் விநாடியில் கிளம்பிய அலை இன்றும் வரும் என்பது இந்தக் குணத்தால்தான். அதைப் பிடிப்பது பெரும்பாடாக இருப்பதும் இதே குணத்தால்தான். எதையும் தொடாத அலை நம் கருவியை மட்டும் எப்படித் தொடும்?

இருந்தாலும் பிடித்தார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று, 4 கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட அமெரிக்காவின் இரண்டு லைகோ கருவிகளில் முதல் ஈர்ப்பு அலை பதிவானது. 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அலை அது. கைகளின் நீளம் மாறியது ஒரு புரோட்டான் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இங்கே ஒரு விஷயம். கருந்துளையை அசைத்துவிட்டால் அது தட்டிய மணிபோல அதிர்ந்து அடங்கும் என்று 1970-லேயே கணக்கில் காட்டியவர் நம் நாட்டு விஞ்ஞானி சி.வி.விஸ்வேஸ்வரா. மோதல் முடிந்த கடைசி நொடித்துளியில் அந்த அடங்கல் வந்தது. சக்கரத்தைத் தட்டி 'டங்' என்ற ஓசையை வைத்து அதன் நலம் பார்ப்பதுபோலத்தான். இதை நைனாவிடம் சொன்னபோது அவருக்கு ரொம்பப் பெருமை.

கை நீளம் போதாது

ஆனால் முதல் விநாடியின் அலைகளுக்கு லைகோவின் காது பொருந்தாது. அதற்கு ஒரு சின்னக் கணக்கு.

பேரண்டத்தின் வயது ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்காக இருந்தபோது, குவார்க்குகள் ஒன்றுசேர்ந்து புரோட்டான், நியூட்ரான் ஆயின. அதுவரை ஒளி போயிருக்கக்கூடிய தூரம் என்ன? விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், பெருக்கல் லட்சத்தில் ஒன்று: 3 கிலோமீட்டர்! இங்கிருந்து சென்ட்ரலுக்குப் போய் வருகிற தூரம்தான். அந்தக் காலத்தில் ஏற்பட்ட எந்தக் கொந்தளிப்பும் தோராயமாக அந்த அளவுக்குள்தான் அடங்க முடியும். அதற்குப் பிறகு பேரண்டம் ஏறத்தாழ லட்சம் கோடி மடங்கு விரிந்திருக்கிறது. அந்த 3 கிலோமீட்டர் அலை இன்று ஒளியாண்டுக் கணக்கில் அளக்க வேண்டிய நீளம் ஆகிவிட்டது. ஒரு முறை ஏறி இறங்க மாதங்கள், ஆண்டுகள் ஆகும். நம் மொழியில் சொன்னால் அதிர்வெண் நானோஹெர்ட்ஸ். ஆண்டுக்கு ஒரு அலை என்றால் அது 31.7 நானோஹெர்ட்ஸ், கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு தடவை அசையும் அலையை 4 கிலோமீட்டர் கையால் எப்படிப் பிடிப்பது? அதுவும் பூமியின் மேல்? எங்கள் குடத்துத் தண்ணீரைக் கேளுங்கள், பூமி எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று. ஒளியாண்டுக் கணக்கில் நீளமான கை வேண்டும். அதை யாரும் கட்ட முடியாது. ஆனால் இயற்கையே கட்டி வைத்திருக்கிறது.

1967-ல் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டுபிடித்த பல்சார்கள்தான் அவை. நகரம் அளவே உள்ள, சூரியனைவிட எடை கூடிய, சுழலும் நட்சத்திரப் பிணங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரேடியோத் துடிப்பு நம் பக்கம் வரும். தட்டைச் சக்கரத்தின் அதே 'டக்'! 1982-ல் கண்டுபிடித்த ஒரு பல்சார் விநாடிக்கு 642 முறை சுற்றுகிறது. இந்த மில்லிவிநாடிப் பல்சார்கள் அணுக்கடிகாரத்தோடு ஒப்பிடத்தக்க ஒழுங்கு கொண்டவை. நமக்கும் பல்சாருக்கும் நடுவே ஈர்ப்பு அலை கடந்தால் வெளி இழுபடும் அல்லது சுருங்கும்; துடிப்பு சற்றுத் தாமதமாகவோ முன்னதாகவோ வந்து சேரும். அந்தச் 'சற்று' எவ்வளவு? பல ஆண்டுகள் கவனித்தாலும் ஒரு மைக்ரோவிநாடியைத் தாண்டாது.

துடிப்பு பிசகினால் அது ஈர்ப்பு அலைதான் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இந்த முழு விஷயத்திலும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கையில் கடிகாரத்தோடு பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் நிற்கிறேன். தெற்கே சென்ட்ரல், வடக்கே கொருக்குப்பேட்டை, மேற்கே வியாசர்பாடி ஜீவா, கிழக்கே வண்ணாரப்பேட்டை என்று ஏறக்குறைய நாலு திக்கும் தண்டவாளம். நாலு பக்கத்து வண்டிகளும் விநாடி பிசகாமல் வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். (கற்பனைதான்! கும்மிடிப்பூண்டி வண்டியில் வரும் நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.) ஒருநாள் நாலு பக்க வண்டிகளும் ஒரே அளவு தாமதம். அப்படியென்றால் வண்டிகள் மேல் குற்றமில்லை, என் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. இன்னொரு நாள் வடக்கு வண்டி முன்னதாகவும் தெற்கு வண்டி அதே அளவு பின்னதாகவும் வருகிறது. நான் எனக்கே தெரியாமல் கொஞ்சம் வடக்கே நகர்ந்து நின்றிருக்கிறேன். மூன்றாவது நாள் வடக்கு, தெற்கு இரண்டும் முன்னதாக வருகின்றன. கிழக்கு, மேற்கு இரண்டும் தாமதம். இதைக் கடிகாரத்தாலும் விளக்க முடியாது, நகர்ந்ததாலும் விளக்க முடியாது. தரையே ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் இழுபட்டிருக்க வேண்டும்!

பல்சார்களிலும் இதே மூன்று வகைதான். எல்லாப் பல்சாரும் ஒருசேரப் பிசகினால் பூமியின் அணுக்கடிகாரங்கள்மேல் சந்தேகம். எதிர் எதிர்த் திசையில் பிசகினால், சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தை, அதாவது வியாழன் முதலிய கோள்களின் கணக்கை, நாம் தவறாகப் போட்டிருக்கிறோம். வானத்தில் பக்கத்துப் பக்கத்துப் பல்சார்கள் ஒத்துப் பிசகி, செங்கோணத்தில் இருப்பவை எதிர்மாறாகப் பிசகி, நேர் எதிரே இருப்பவை மறுபடி ஓரளவு ஒத்துப் பிசகினால், அது ஈர்ப்பு அலை. இந்த வளைகோட்டை 1983-ல் ஹெலிங்ஸ், டவுன்ஸ் என்ற இருவர் வரைந்து வைத்தார்கள். வரைந்த கோட்டின்மேல் புள்ளிகள் வந்து உட்கார 40 ஆண்டுகள் ஆயின.

ஊட்டியும் கோடாடும்

இந்த வேலையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில், ஊட்டிக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. அதை ஏன் மலைச்சரிவில் வைத்தார்கள் தெரியுமா? அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி. தேர்ந்தெடுத்த சரிவும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகப் படுத்துக்கொள்கிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நட்சத்திரத்தை 9 மணி நேரத்துக்கும் மேல் தொடரலாம். மெக்கானிக்கல் நண்பர்கள் இதை ஒரு நிமிடம் ரசிக்க வேண்டும்! மலையே பாதி இயந்திரம்.

அதே ஸ்வரூப் பிறகு புனேக்கு அருகே கோடாட் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டு ஆன்டெனாக்களை உருவாக்கினார். இந்திய விஞ்ஞானிகளும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்த பல்சார் நேரக்கணிப்புக் குழு ஒன்று, தொடக்க ஆண்டுகளில் ஊட்டியையும், பின்னர் மேம்படுத்தப்பட்ட கோடாட் தொலைநோக்கியையும் கொண்டு பல்சார்களின் நேரத்தைக் குறித்துவருகிறது. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. அந்த வாசலைத் தாண்டி எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறேன்! உள்ளே இது நடக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நம் தொலைநோக்கியின் பலம் குறைந்த அதிர்வெண். நட்சத்திரங்களுக்கு நடுவே திரியும் எலெக்ட்ரான்கள் ரேடியோத் துடிப்பைத் தாமதப்படுத்தும். தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 1400 மெகாஹெர்ட்ஸில் இருப்பதைவிட 400 மெகாஹெர்ட்ஸில் 3.5 இன் வர்க்கம், அதாவது 12 மடங்குக்கு மேல் தாமதம். கெட்ட செய்தி போலத் தோன்றும். உண்மையில் அதுதான் உதவி. பிழை பெரிதாகத் தெரிந்தால்தானே அதைத் துல்லியமாக அளந்து கழிக்க முடியும்? மற்ற நாட்டு அளவீடுகளில் ஒளிந்திருக்கும் எலெக்ட்ரான் தாமதத்தைச் சரிசெய்ய நம் அளவீடு உதவியது.

2023 ஜூன் 29 அன்று முடிவு வெளியானது. ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் சேர்ந்து 25 பல்சார்களை ஆராய்ந்திருந்தன. ஐரோப்பிய அளவீடுகள் சுமார் 25 ஆண்டுக் கால உழைப்பு. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய நாட்டுக் குழுக்களும் அதே சமயத்தில் தங்கள் முடிவுகளை வெளியிட்டன. பேரண்டம் முழுவதும் நானோஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒன்று இருப்பதற்கான சான்று கிடைத்தது. 'சான்று' என்றுதான் எழுதினார்கள், 'கண்டுபிடிப்பு' என்று எழுதவில்லை. அதற்கு வேண்டிய ஐந்து சிக்மா உறுதி அப்போது எட்டப்படவில்லை.

யாருடைய வண்டி?

இதை எழுதிக்கொண்டிருந்த இரவு நைனா ஷிஃப்ட் முடித்து வந்தார்.

"இன்னாடா எழுதுற?"

"உலகம் பொறந்தப்போ கெளம்புன அலையைப் பத்தி."

"அத்தக் கேட்டு இன்னா பண்ணப் போறாங்கோ?"

என்னிடம் நல்ல பதில் இல்லை. ஐன்ஸ்டீன் கணக்கு இல்லாவிட்டால் போனில் மேப் தப்பாகக் காட்டும் என்று ஏதோ சொன்னேன். "அதான் ஏற்கெனவே கீதே" என்றார். வாயடைத்துப் போனேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். டிப்ளமோ முடித்ததும் வேலையா, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.யா என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது எனக்குத்தான் நஷ்டம். அதனால் விடாமல், ரயில் உதாரணத்தோடு முதலிலிருந்து சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "சத்தம் கேக்குது, சரி. வண்டி யாருதுன்னு எப்டி கண்டுபுடிப்பே?"

நண்பர்களே, உலக விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் அந்தக் கேள்விக்காகத்தான்! பெரும்பாலோர் நினைப்பது, இது கருந்துளைகளின் சத்தம் என்று. விண்மீன் மண்டலங்கள் மோதும்போது அவற்றின் நடுவில் உள்ள கோடிக்கணக்கான சூரிய எடைக் கருந்துளைகள் ஜோடி ஜோடியாகச் சுற்றும். அத்தனை ஜோடிகளின் அலைகளும் கலந்த இரைச்சல்தான் இது என்கிறார்கள். இன்னொரு சாத்தியம், நாம் தேடும் ஆதிகாலம். கொதிக்கும் தண்ணீரில் குமிழிகள் மோதுவதுபோல அந்த லட்சத்தில் ஒரு பங்கு விநாடியில் பேரண்டம் கொதித்திருந்தால் இப்படி ஓர் அலை வரும். ஆனால் இன்று நமக்குத் தெரிந்த இயற்பியலின்படி அந்த மாற்றம் மெதுவாக, குமிழி இல்லாமல் நடந்தது. பலமான அலை வர வேண்டுமானால் நாம் அறியாத இயற்பியல் ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு.

பிரித்துச் சொல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்ற சரிவு. கருந்துளைகளுக்கு ஒரு சரிவு, ஆதி அலைகளுக்கு வேறு சரிவு. மற்றொன்று, திசை. கருந்துளைகள் என்றால் வானத்தில் சில பக்கம் சத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆதிகாலம் என்றால் போகிப் புகை போல எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். இரண்டுக்கும் இன்னும் பல ஆண்டு அளவீடு தேவை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதைகள் சொல்கிறேன். ஒன்று என்னுடையது. இரண்டாம் ஆண்டு லேபில் ஆம்ப்ளிஃபையர் சோதனை. சி.ஆர்.ஓ. திரையில் அழகான சைன் அலை. மளமளவென்று ரெக்கார்டு நோட்டில் வரைந்து, கையெழுத்து வாங்கப் போய்விட்டேன். "சிக்னல் ஜெனரேட்டர் ஸ்விட்ச் எங்கே இருக்கு பார்" என்றார்கள். போடவே இல்லை! 20 மில்லிவிநாடிக்கு ஒரு அலை. வீட்டுக் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மைத்தான் அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறேன். காதும் ஏமாறும், நைனா.

இரண்டாவது கதை தென் துருவத்தில். பேரண்டம் பிறந்த கணத்திலேயே அசுர வேகத்தில் ஊதிப் பெருத்தது என்று ஒரு கொள்கை உண்டு. அது உண்மையானால் அப்போது கிளம்பிய ஈர்ப்பு அலைகள், 3,80,000 ஆண்டு வயதில் புறப்பட்ட அந்த ஒளியின் முனைவாக்கத்தில் சுழி போன்ற தடத்தை விட்டிருக்கும். 2014 மார்ச் 17 அன்று பைசெப்-2 குழுவினர் அந்தச் சுழியைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது. ஓராண்டுக்குள், பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீட்டோடு ஒப்பிட்டபோது, பார்த்ததில் பெரும்பங்கு நம் பால்வெளியின் தூசி என்று தெரிந்தது. அவர்களும் சேர்ந்தே அதை எழுதி வெளியிட்டார்கள். அந்தத் தேடல் இன்னும் தொடர்கிறது. 1964-ல் குப்பை என்று நினைத்தது பொக்கிஷம். 2014-ல் பொக்கிஷம் என்று நினைத்தது தூசி! இரண்டிலும் செய்த வேலை ஒன்றுதான்: இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது.

இனி வரப்போவதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று விண்கலங்களை நிறுத்தும் லிசா திட்டத்துக்கு 2024 ஜனவரியில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஒப்புதல் தந்தது; 2035 வாக்கில் ஏவுவதாக ஏற்பாடு. அது பல்சார்களைவிட இன்னும் முந்தைய கணங்களின் அலைகளைத் தேடும், ஏனென்றால் கணம் முந்தினால் அலை குறுகும். மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைய 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 4 கிலோமீட்டர் வெற்றிடக் குழாய்க்கு வெல்டிங் வேண்டும், பம்பு வேண்டும், கன்ட்ரோல் சர்க்யூட் வேண்டும். இதெல்லாம் யார் படிக்கும் பாடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு அறிவிப்பு. கோடாட் தொலைநோக்கியில் தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28-ஐ ஒட்டி மாணவர்களும் பொதுமக்களும் உள்ளே போய்ப் பார்க்கும்படி அறிவியல் கண்காட்சி நடத்துவது வழக்கம். மாணவர்கள் செய்த புராஜெக்டுகளையும் வைக்கலாம். புனே வழியாக மும்பை போகும் ரயில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். ஸ்லீப்பர் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் என்னிடம் பெயர் கொடுக்கவும். இதுவரை நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். நைனா ஐந்தாவதாக வரலாமா என்று கேட்கிறார்; லீவு கிடைத்தால்.